கண் எனும் அமானிதம்: கஹ்ஹால்கள் முதல் இன்றைய கண் சிகிச்சை வரை

உஸூல் கலையில் ‘முஷ்தரக்’ என்றொரு பகுப்பு உண்டு. ஒரே சொல், தம்முள் தொடர்பற்ற பல பொருள்களைத் தருவது அது. அதற்கு எடுத்துக்காட்டாக நூலாசிரியர்கள் பெரிதும் கையாளும் சொல் ‘ஐன்’ என்பதாகும். கண், நீரூற்று, பொன், ஒற்றன், ஒரு பொருளின் மெய்ம்மை எனப் பல பொருள்களை அச்சொல் தாங்கி நிற்கிறது. ஆண்டுதோறும் இப்பாடத்தை நடத்தும் நாம், அப்பொருள்களுள் முதலாவதாகிய கண்ணைப் பற்றி எவ்வளவு குறைவாக அறிந்திருக்கிறோம் என்பதை ஒரு நிகழ்ச்சி உணர்த்திற்று.

நம் ஆசிரியப் பெருந்தகை ஒருவர் நாற்பதாண்டுக் காலம் ஹதீஸ் பாடம் நடத்தியவர். எழுபதாம் வயதை நெருங்கியபோது கித்தாபின் ஓரங்களில் உள்ள ஹாஷியாக்களை மாணவரைக் கொண்டு வாசிக்கச் செய்யத் தொடங்கினார். மூலத்தை நினைவாற்றலால் நடத்தினார். கண்புரை என்று மருத்துவர் கூறி, அறுவைக்கு நாள் குறித்த பின்னரும் மூன்றாண்டுகள் தட்டிக் கழித்தார். காரணம் வினவியபோது, “நாற்பது நாள் ஸுஜூது செய்யக் கூடாதாமே, இந்த வயதில் ஸுஜூதை விட்டுவிட்டுக் கண்ணைப் பெற்று என்ன செய்ய?” என்றார். அச்சொல்லில் இருந்த இறையச்சத்தை நாம் மதித்தோம். ஆனால் அதில் அடங்கியிருந்த மருத்துவச் செய்தியும் மார்க்கச் செய்தியும் முழுமையற்றவை என எடுத்துரைக்க அன்று நமக்குப் போதிய அறிவு இல்லை. அவ்வறிவைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

கஹ்ஹால்கள் வளர்த்த கலை

கண் மருத்துவரை அரபியர் ‘கஹ்ஹால்’ என அழைத்தனர். கண்ணுக்கு இடும் மையாகிய ‘குஹ்ல்’ என்னும் சொல்லின் அடியாகப் பிறந்தது இப்பெயர். பொது மருத்துவரின் வேறாகக் கண்ணுக்கென்றே தனி மருத்துவரும் தனி நூல்களும் அப்பண்பாட்டில் தோன்றியிருந்தமையை இது காட்டும். கி.பி. 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனையில் கண் நோயாளருக்கெனத் தனிப்பகுதியே இருந்தது.

பக்தாதில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809–873) நெஸ்டோரியக் கிறித்தவர். அப்பாஸியக் கலீஃபாக்களின் காலத்தில் கிரேக்க மருத்துவ நூல்களை அரபியில் பெயர்த்தவர். கண்ணைப் பற்றி அவர் எழுதிய பத்துக் கட்டுரைகளின் தொகுப்பு இத்துறையின் முன்னோடி நூல்களுள் ஒன்று. மாக்ஸ் மேயர்ஹோஃப் என்னும் ஜெர்மானிய அறிஞர் அதனை 1928இல் கெய்ரோவில் பதிப்பித்து ஆங்கிலத்திலும் தந்தார். பக்தாதின் மற்றொரு கஹ்ஹாலாகிய அலீ இப்னு ஈஸா இயற்றிய ‘தத்கிரத்துல் கஹ்ஹாலீன்’ மூன்று பகுதிகளைக் கொண்டது: கண்ணின் அமைப்பு, புறத்தே புலனாகும் நோய்கள், புலன்களுக்கு எட்டாது உள்ளே மறைந்திருக்கும் நோய்கள். இம்மூன்றாம் பகுப்பை வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டுகிறோம். மறைந்திருக்கும் நோயே இன்றும் பெரும்பகை என்பதைப் பின்னர்க் காண்போம்.

பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைதம் (ஏறத்தாழ 965–1040) மருத்துவர் அல்லர். கணிதமும் இயற்பியலும் வல்லவர். கண்ணிலிருந்து ஒளிக்கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் காட்சி தோன்றுகிறது எனப் பண்டைய கிரேக்கருள் ஒரு சாரார் நம்பினர். பொருளின் மீது பட்ட ஒளியே கண்ணுக்குள் புகுகிறது என்பதைத் தம் ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஏழு பகுதிகள் கொண்ட நூலில் சோதனைகளின் துணையோடு அவர் நிறுவினார். அந்நூலின் இலத்தீன் பெயர்ப்பு 1572இல் பாசெல் நகரில் அச்சேறியது. அவரும் ஒன்றில் தவறினார்: காட்சியின் முதல் உணர்வு கண்ணின் பளிங்குப் பகுதியாகிய வில்லையில் நிகழ்வதாக எண்ணினார். உருவம் விழித்திரையில் விழுகிறது என்பதை 1604இல் கெப்ளர் விளக்கினார். முன்னோரின் பெருமையைக் கூறும்போது அவர்கள் எங்கே நின்றுவிட்டனர் என்பதையும் கூறுவதே நேர்மை.

அரபு நூல்கள் கண்ணின் பகுதிகளுக்கு இட்ட பெயர்களைப் பாருங்கள். முன்புறத்துத் தெளிந்த படலம் கொம்பை ஒத்திருப்பதால் ‘கர்னிய்யா’. நிறமுடைய உட்படலம் திராட்சைத் தோலை ஒத்திருப்பதால் ‘இனபிய்யா’. வில்லை பனிக்கட்டியை ஒத்திருப்பதால் ‘ஜலீதிய்யா’. பின்னுள்ள கூழ்மம் கண்ணாடியை ஒத்திருப்பதால் ‘ஸுஜாஜிய்யா’. வலை போன்றது ‘ஷபகிய்யா’. இவற்றுட் பல கிரேக்கப் பெயர்களின் வழிவந்தவை. அரபியிலிருந்து இலத்தீனுக்குச் சென்றபோது ‘வலை’ என்னும் பொருளே ‘ரெட்டினா’ ஆயிற்று. இன்று கண் மருத்துவமனையின் அறிக்கைத் தாளில் ‘ரெட்டினா’ என்று வாசிக்கும் நம்மவர், தம் மத்ரஸாவின் மொழி பெயர்ந்து வந்து நிற்கும் ஒரு சொல்லையே வாசிக்கின்றனர்.

இறங்கும் நீர்

கண்புரையை அக்கால அரபு நூல்கள் ‘கண்ணில் இறங்கும் நீர்’ எனக் குறிப்பிட்டன. மேலிருந்து ஒரு நீர் வடிந்து பாவைக்கும் வில்லைக்கும் இடையே உறைந்து விடுவதாக மருத்துவர் கருதினர். பதினோராம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் என்னும் ஆப்பிரிக்கத் துறவி இக்கருத்தை இலத்தீனில் தந்தபோது, அருவியைக் குறிக்கும் ‘கட்டராக்டா’ என்னும் சொல்லை இட்டார். ‘கேட்டராக்ட்’ என்னும் இன்றைய பெயரின் பிறப்பு அதுவே. மங்கிப் போனது வில்லையேயன்றி வேறொரு நீர் அங்கில்லை என்பது பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் இறந்தோரின் கண்களை ஆய்ந்தபோதுதான் உறுதிப்பட்டது.

அந்நாளைய சிகிச்சை ‘கத்ஹ்’ எனப்பட்டது. ஊசியொன்றைக் கண்ணுள் செலுத்தி, மங்கிய பொருளைப் பார்வை வழியிலிருந்து கீழே தள்ளிவிடுவது அது. இந்தியாவில் சுசுருதர் பெயரால் வழங்கும் நூலிலும் இம்முறை உண்டு. மோசுலில் பிறந்து, ஃபாத்திமியக் கலீஃபா அல்ஹாகிமின் காலத்தில் (996–1021) எகிப்தில் தொழில் செய்த அம்மார் இப்னு அலீ, உட்துளையுள்ள உலோக ஊசியொன்றை வடித்து, மென்மையான புரையை உறிஞ்சி எடுக்கும் முறையைத் தம் நூலில் விவரித்தார். அதே காலத்தில் அதே கெய்ரோவில் இப்னுல் ஹைதமும் இருந்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஆயினும் தள்ளிவிடப்பட்ட வில்லை கண்ணுக்குள்ளேயே கிடந்தது. சீழ் பிடித்தலும் அழுத்தம் மிகுதலும் பின்தொடர்ந்தன. சென்னை அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கப்பட்டது. உலகின் பழைமையான கண் மருத்துவமனைகளுள் ஒன்று. அதன் கண்காணிப்பாளராய் விளங்கிய எலியட் என்பார், ஊர் ஊராய்ச் சென்று இம்முறையில் ஊசி குத்தியவர்களால் பார்வை இழந்தோரை ஏராளமாகக் கண்டு, 1917இல் லண்டனில் அதுபற்றி விரிவுரைகள் ஆற்றினார். பழைய முறை நம் முன்னோருடையது என்பதற்காக அதனைப் போற்றிக்கொண்டிருத்தல் பிழை. அவர்கள் தம் காலத்தில் கிடைத்த மிகச் சிறந்த கருவியைத் தேடியவர்கள். நாமும் அதனையே செய்தல் வேண்டும்.

இன்றைய கண்புரைச் சிகிச்சை

வில்லை என்பது நீரும் புரதமும் சேர்ந்த தெளிந்த பொருள். வயது ஏற ஏற அப்புரதம் திரண்டு மங்குகிறது. நீரிழிவு, கண்ணில் பட்ட அடி, புகைப்பழக்கம், ஸ்டீராய்டு மருந்துகளின் நெடுநாள் பயன்பாடு ஆகியவை இம்மங்கலை விரைவுபடுத்தும். கண்ணின் மேல் வளரும் சவ்வன்று இது. ஆதலால் சொட்டு மருந்தாலோ, மூலிகைச் சாற்றாலோ, சுர்மாவாலோ கரையாது.

மங்கிய வில்லையைக் கண்ணைவிட்டு வெளியே எடுக்கும் முறையை 1747இல் பிரெஞ்சு மருத்துவர் டேவியல் தொடங்கினார். வில்லை போன கண்ணுக்குக் கனத்த கண்ணாடி வேண்டியிருந்தது. நம் பாட்டன்மார் அணிந்திருந்த ‘சோடாபுட்டி’க் கண்ணாடி அதுவே. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்களில் விமான மேற்கூரையின் அக்ரிலிக் துகள்கள் தைத்தும் கண் அவற்றைப் பகைக்காதிருந்தமையைக் கண்ட ஹெரால்டு ரிட்லி, அப்பொருளாலேயே செயற்கை வில்லை செய்து, 1949இல் லண்டனில் ஒரு நோயாளியின் கண்ணுள் பொருத்தினார். 1967இல் அமெரிக்கரான சார்லஸ் கெல்மன், பல் மருத்துவர் பயன்படுத்தும் மீயொலிக் கருவியிலிருந்து தூண்டுதல் பெற்று, வில்லையைக் கண்ணுக்குள்ளேயே பொடித்து உறிஞ்சும் முறையை உருவாக்கினார். ‘ஃபேகோ’ என மக்கள் வழங்குவது இதுவே.

இன்று அம்முறையில் 3 மில்லிமீட்டருக்கும் குறைவான வெட்டே போதும். மடித்து உட்செலுத்தப்பட்ட செயற்கை வில்லை உள்ளே விரிந்து, பழைய வில்லையின் உறைக்குள்ளேயே அமர்கிறது. தையல் பொதுவாக வேண்டுவதில்லை. பெரும்பாலோர்க்கு மயக்கமருந்தும் வேண்டியதில்லை. சொட்டு மருந்தாலோ சிறு ஊசியாலோ கண்ணை மரக்கச் செய்வர். சற்றே பெரிய வெட்டின் வழியே கருவியின்றிச் செய்யப்படும் தையலற்ற முறையும் உண்டு. அது செலவு குறைந்தது. தேர்ந்த கையில் விளைவும் நன்று. சிலர்க்குச் சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து உறை மங்கும். அதனைப் புரை மீண்டும் வளர்ந்ததாக எண்ணி அஞ்சுவர். சில நிமிட லேசர் சிகிச்சையால் அது நீங்கும்.

‘புரை முற்றட்டும்’ எனக் காத்திருப்பது பழைய முறைக்கு உரிய அறிவுரை. அன்றாட வேலைக்கும் வாசிப்புக்கும் இடையூறு தோன்றிய நிலையிலேயே சிகிச்சை செய்துகொள்ளலாம். முற்றிக் கனத்த புரையை எடுப்பது கடினம். சிலர்க்கு அது கசிந்தோ பருத்தோ கண்ணின் அழுத்தத்தை உயர்த்தி, நரம்பையே அழிக்கும். அவ்வழிவை எந்தச் சிகிச்சையும் மீட்காது.

இந்தியாவில் பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1976இல் தொடங்கிற்று. அவ்வாண்டிலேயே, அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி (1918–2006) மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் கோணிய விரல்களோடு அறுவை செய்தவர் அவர். 1992இல் அந்நிறுவனத்தின் சார்பாக எழுந்த ஆரோலேப், வெளிநாட்டிலிருந்து பெருவிலைக்கு வந்துகொண்டிருந்த செயற்கை வில்லையை மதுரையிலேயே செய்து விலையை வெகுவாகக் குறைத்தது. பணமின்மையைக் காரணங்காட்டும் நிலை தமிழகத்தில் பெருமளவு குறைந்துவிட்டது. அச்சமும் அறியாமையுமே எஞ்சி நிற்கின்றன.

ஓசையின்றி வரும் இரு நோய்கள்

அலீ இப்னு ஈஸா ‘புலனுக்கு எட்டாதவை’ எனப் பிரித்துவைத்த பகுதிக்கு இன்று உரியவை கண் நீரழுத்த நோயும் நீரிழிவு விழித்திரை நோயும் ஆகும்.

கண்ணின் முன்னறையில் ஒரு நீர் இடையறாது சுரந்து, இடையறாது வடிகிறது. வடிகால் அடைபட்டால் அழுத்தம் உயரும். பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இயல்பான அளவு எனக் கொள்வர். அளவு இயல்பாயிருந்தும் நோய் கொள்வோர் உண்டு. ஆதலால் மருத்துவர் நரம்பின் தலைப்பையும் பார்வைப் பரப்பையும் சேர்த்தே ஆய்வர். க்ளாக்கோமா எனப்படும் இந்நோயில் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி வருகிறது. நடுப்பார்வை கடைசிவரை நிற்பதால் நோயாளி எழுத்தை வாசிப்பார். ஆனால் பக்கத்தில் வரும் வண்டியைக் காணார். இன்றைய அரபியர் பேச்சு வழக்கில் கண்புரையை ‘வெள்ளை நீர்’ என்றும் இதனை ‘நீல நீர்’ என்றும் குறிப்பர். வெள்ளை நீரால் போன பார்வை மீளும். நீல நீரால் போனது மீளாது. எஞ்சியதைக் காப்பதே சிகிச்சை. சொட்டு மருந்து, லேசர், அறுவை என மூவழிகள் உண்டு. சொட்டு மருந்தைத் தொடங்கியோர் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் இட்டுவரல் வேண்டும். பெற்றோர்க்கோ உடன்பிறந்தார்க்கோ இந்நோய் இருந்தால் நாற்பது வயதிலேயே ஆய்வு தேவை. மருத்துவர் எழுதித் தராத ஸ்டீராய்டு சொட்டுகளைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் இடுவோர் இந்நோயைத் தாமே விலைக்கு வாங்குகின்றனர்.

நீரிழிவு, விழித்திரையின் நுண்ணிய குருதிக் குழல்களைச் சிதைக்கிறது. அவை கசியும், அடைபடும், பின்னர் வலுவற்ற புதுக் குழல்கள் முளைத்து உடைந்து குருதி கொட்டும். தொடக்கத்தில் பார்வை குறைவதே இல்லை. ஆதலால் ‘நமக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது’ என்னும் சொல் இந்நோயில் ஒரு சான்றாகாது. நடுத்தர வயதில் வரும் நீரிழிவு எனில், நோய் கண்ட நாளிலேயே பாவையை விரித்துக் கண்ணை ஆய்வதும், பின்னர் ஆண்டுக்கொரு முறை ஆய்வதும் இன்றியமையாதவை. கசிவைத் தடுக்கும் ஊசி மருந்து, லேசர், கண்ணின் கூழ்மத்தை அகற்றும் நுண்ணறுவை ஆகியவை இன்று உண்டு. எனினும் குருதியில் சர்க்கரையையும் அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்தலே அடிப்படை.

திடீரென மின்னல் போன்ற ஒளி தோன்றுதல், கரும்புள்ளிகள் மழையெனச் சிதறுதல், திரை இறங்குவது போல் ஒரு பக்கம் மறைதல் ஆகியவை விழித்திரை கழன்று போவதன் அறிகுறிகள். இவை தோன்றின் மறுநாள் வரை காத்திராமல் அன்றே மருத்துவரை அணுகுதல் வேண்டும்.

மத்ரஸாவில் ஒரு மாணவர்

நாம் மறக்க விரும்பியும் மறக்க இயலாத ஒன்றை இங்குக் கூறியாக வேண்டும். ஹிஃப்ழ் பிரிவில் பதினொரு வயது மாணவர் ஒருவர் இருந்தார். முஸ்ஹஃபை மூக்கருகே வைத்து ஓதுவார். கரும்பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதச் சொன்னால் பிழை மலியும். கவனமின்மை எனக் கருதி நாமே அவரைக் கடைசி வரிசையில் அமரச் செய்தோம். பலகையிலிருந்து இன்னும் தொலைவுக்கு அவரை அனுப்பினோம் என்பது அன்று நமக்குத் தோன்றவில்லை. பின்னர் நடந்த ஒரு கண் ஆய்வு முகாமில் இரு கண்ணிலும் கடுமையான கிட்டப்பார்வை எனவும், இடக்கண்ணில் அது மிகுதி எனவும் தெரிந்தது. கண்ணாடி அணிந்ததும் வலக்கண் தெளிந்தது. இடக்கண் முழுதும் தெளியவில்லை.

இதற்கு மருத்துவர் தந்த விளக்கம் ஒவ்வோர் ஆசிரியரும் அறியவேண்டியது. குழந்தைப் பருவத்தில் ஒரு கண்ணிலிருந்து தெளிவான உருவம் வாராவிடின் மூளை அக்கண்ணைப் பயன்படுத்தக் கற்பதில்லை. ‘சோம்பல் கண்’ எனப்படும் இக்குறையை ஏழெட்டு வயதுக்குள் கண்டறிந்தால், கண்ணாடியாலும் நல்ல கண்ணைச் சில மணிநேரம் மூடிவைப்பதாலும் பெரும்பாலும் சரிசெய்யலாம். காலம் தாழ்ந்தால் கண்ணாடியும் முழுப்பயன் தராது. அம்மாணவர் பின்னர் ஹாஃபிழானார். எனினும் அவருடைய இடக்கண்ணுக்கு நாமும் ஓரளவு பொறுப்பாளிகள்.

கிட்டப்பார்வையில் விழிக்கோளம் நீண்டு, உருவம் விழித்திரைக்கு முன்னரே குவிகிறது. குழிவில்லைக் கண்ணாடி அதனைப் பின்னுக்குத் தள்ளும். நாள்தோறும் வெளியே பகலொளியில் சில மணிநேரம் இருக்கும் சிறுவர்க்குக் கிட்டப்பார்வை தொடங்குவது குறைகிறது என ஆய்வுகள் காட்டியுள்ளன. அதிகாலை முதல் இரவு வரை அறைக்குள் அமர்ந்து ஓதும் நம் பிள்ளைகளுக்கு மாலை விளையாட்டு நேரம் கண்ணின் உரிமையாகும். மத்ரஸாவில் சேர்க்கும் நாளிலேயே பார்வை ஆய்வையும் சேர்க்கை முறையின் பகுதியாக்குதல் நன்று. கண்ணாடி போட்டால் பெண்ணுக்கு வரன் அமையாது என்னும் பேச்சையும் பெற்றோர் விட்டொழித்தல் வேண்டும்.

நாற்பதுக்கு மேல் வரும் வெள்ளெழுத்து நோயன்று. வில்லையின் நெகிழ்ச்சி குறைவதே. அதற்குரிய கண்ணாடியைத் தெருக்கடையில் கையில் கிடைத்தபடி வாங்குவோர், முறையான கண் ஆய்வை இழந்துவிடுகின்றனர். மேற்கூறிய இரு மறைநோய்களும் அவ்வாய்வில்தான் வெளிப்படும். லேசர் கொண்டு முன்படலத்தைச் செதுக்கிக் கண்ணாடியைத் தவிர்க்கும் சிகிச்சை, பதினெட்டு வயது நிறைந்து, கண்ணாடியின் அளவு நிலைபெற்று, படலத்தின் தடிமனும் போதுமானதாய் இருப்போர்க்கே பொருந்தும்.

சுர்மாவும் துவாலையும்

‘இஸ்மித்’ என்னும் மையைக் கண்ணுக்கு இடுமாறு நபிமொழிகள் பரிந்துரைப்பதை நாம் அறிவோம். அகராதிகளும் மருத்துவ நூல்களும் இஸ்மித்தை ஆன்டிமனிக் கல்லாகவே பெரிதும் குறிக்கின்றன. ஆனால் இன்று சந்தையில் சுர்மா எனும் பெயரால் விற்பனையாகும் பொடிகளுட் பல, ஈயக் கலவையாகிய கலீனாவால் ஆனவை என்பது ஆய்வகச் சோதனைகளில் வெளிப்பட்டுள்ளது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. பெயர் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது. ஸுன்னத்தை நேசிப்போர், தாம் வாங்கும் டப்பியில் இருப்பது யாது என வினவவும் கடமைப்பட்டவர்கள்.

‘மெட்ராஸ் ஐ’ பரவும் காலங்களில் பள்ளிவாசலில் பலர் முகந்துடைக்கும் பொதுத் துவாலையை அகற்றிவிடுதல் வேண்டும். அந்நோய் பார்வையால் பரவுவதில்லை; கையாலும் துணியாலும் பரவுகிறது.

மார்க்கச் சட்டம் என்ன கூறுகிறது?

இனி நம் ஆசிரியரின் ஐயத்துக்கு வருவோம். நின்று தொழ இயலாதவர் அமர்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்னும் கருத்துடைய நபிமொழியை இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அறிவிக்க, இமாம் புகாரீ (ரஹ்) பதிவு செய்துள்ளார். கண் நோயாளியின் நிலையையோ ஃபிக்ஹு நூல்கள் பெயர் சுட்டியே ஆராய்கின்றன. உடலால் நிற்க ஆற்றல் இருந்தும், ‘படுத்துத் தொழுதால்தான் கண்ணைக் குணப்படுத்த இயலும்’ என மருத்துவர் கூறினால் என் செய்வது? இமாம் ஷீராஸீ (ரஹ்) ‘முஹத்தப்’ நூலில் இதில் இரு கருத்துகளைக் குறிப்பிடுகிறார். இப்னு அப்பாஸ் (ரலி) முதுமையில் பார்வை இழந்தபோது இத்தகைய சிகிச்சையை ஏற்கவில்லை என்னும் செய்தி முதற்கருத்துக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. நம் ஆசிரியரின் உள்ளத்தில் இருந்ததும் அச்செய்தியே போலும். ஆயினும் ‘மஜ்மூஃ’ நூலில் இமாம் நவவீ (ரஹ்), நம்பத்தக்க மருத்துவரின் கூற்றின்மீது அவ்வாறு தொழுதல் கூடும் என்பதையே மிகச் சரியான கருத்தாகத் தருகிறார். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் நிலையும் அனுமதியே. ஆகவே கடற்கரைப் பகுதிகளின் ஷாஃபிஈகளுக்கும் பிற ஊர்களின் ஹனஃபீகளுக்கும் இதில் இடர்ப்பாடு இல்லை.

மேலும் அன்று பேசப்பட்ட நெடுநாள் படுக்கை இன்று பெரும்பாலும் இல்லை. தையலற்ற சிறுவெட்டுச் சிகிச்சைக்குப் பின் தலையைத் தாழ்த்துவதைச் சில நாட்கள் முதல் ஓரிரு வாரங்கள் வரை தவிர்க்கச் சொல்வர். அந்நாட்களில் அமர்ந்து சைகையால் ருகூஉவும் ஸுஜூதும் செய்து தொழலாம். நாற்பது நாள் என்பது பழைய தையல் முறையின் எச்சம். விழித்திரை கழன்றதற்கு வாயுக்குமிழி வைத்துச் செய்யும் அறுவையில் தலையை எந்நிலையில் வைப்பது என்பதே மருந்தாகும். அங்கு மருத்துவர் சொல்லை அப்படியே கடைப்பிடித்தல் வேண்டும்.

உளூவில் கண்ணுக்குத் தண்ணீர் படலாகாது எனில், ஷாஃபிஈ மத்ஹபில் நலமான பகுதிகளைக் கழுவி, விடுபட்ட பகுதிக்குத் தயம்மும் செய்வர்; கட்டு இருந்தால் அதன்மேல் மஸஹும் செய்வர். ஹனஃபீ மத்ஹபில் கட்டின்மேல் மஸஹ் செய்வதே போதும்.

நோன்பில் கண் சொட்டு பற்றி ஐயுறுவோர் பலர். ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகளில் கண்ணில் இடும் மருந்தின் சுவை தொண்டையில் உணரப்பட்டாலும் நோன்பு முறியாது. மாலிக்கீ, ஹன்பலீ மத்ஹபுகளில் தொண்டையை அடைந்தால் முறியும் என்பர். ஜித்தாவில் 1997இல் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி, தொண்டைக்கு வந்ததை விழுங்காது தவிர்த்தால் கண் சொட்டு நோன்பை முறிக்காது எனத் தீர்மானித்தது. சொட்டு இட்டதும் கண்ணை மூடி, மூக்கையொட்டிய கண்முனையை விரலால் ஓரிரு நிமிடம் அழுத்திக்கொண்டால் மருந்து தொண்டைக்கு இறங்குவது வெகுவாகக் குறையும். ரமளானில் க்ளாக்கோமா மருந்தை நிறுத்துவோர், நோன்பு கேட்காத ஒரு விலையைக் கொடுக்கின்றனர்.

முன்படலம் வெளுத்துப் பார்வை போனோர்க்கு வேறொருவரின் படலத்தைப் பொருத்தும் சிகிச்சை 1905இல் எட்வர்டு சிர்ம் என்பாரால் முதன்முதல் வெற்றி கண்டது. இதன் மார்க்கச் சட்டத்தில் இந்திய உலமாக்களுள் ஒரு சாரார் தயங்குகின்றனர். மனித உடலின் கண்ணியமே அவர்களின் அக்கறை. மேற்கூறிய அகாதமியோ 1988இல் ஜித்தாவில் கூடி, இறந்தவரின் உறுப்பை, அவரோ வாரிசுகளோ இசைந்திருப்பின், நிபந்தனைகளோடு பயன்படுத்த அனுமதித்தது. நோயால் அகற்றப்பட்ட கண்ணின் படலத்தைப் பிறர்க்குப் பொருத்துவதையும் அத்தீர்மானம் பெயர் சுட்டி அனுமதித்தது. இரு தரப்பின் சான்றுகளையும் வாசித்து, தாம் நம்பும் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்தல் நன்று.

நம் பெண்டிர் ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கிக் கண்ணை இழப்பதும் உண்டு. பெண் கண் மருத்துவர் இன்று பல ஊர்களில் உளர். அவர் கிடைக்காவிடினும் தேவையான அளவு முகத்தை மருத்துவரிடம் காட்டுதற்கு ஃபிக்ஹு இடந்தருகிறது.

முடிவாக

நம் ஆசிரியர் இறுதியில் சிகிச்சைக்கு இசைந்தார். அதற்குள் வலக்கண்ணின் புரை முற்றி, அழுத்தம் உயர்ந்து, நரம்பு பெரிதும் பழுதுபட்டிருந்தது. இடக்கண் மீண்டது. ஒன்பது நாட்கள் அமர்ந்து தொழுதார். பத்தாம் நாள் மருத்துவர் இசைவோடு ஸுஜூது செய்தார். அடுத்த வாரம் வகுப்பில் ஹாஷியாவைத் தாமே வாசித்தார். பாடம் முடிந்ததும், நாம் திரட்டிக் கொடுத்திருந்த ‘மஜ்மூஃ’ பக்கத்தைச் சுட்டி, “இதை மூன்றாண்டுக்கு முன் நீர் காட்டியிருக்கலாமே!” என்றார்.

அக்கேள்விக்கு அன்று நம்மிடம் விடை இருக்கவில்லை. அந்தப் பக்கம் நம் நூலகத்தில்தான் இருந்தது; நாம்தாம் அதனைத் திறக்கவில்லை. நாற்பதைக் கடந்த வாசகர் ஒவ்வொருவரும், நீரிழிவுடையோர் ஆண்டுதோறும், பள்ளி செல்லும் பிள்ளைகள் தொடக்கத்திலேயே, ஒருமுறை கண் மருத்துவரைக் காணவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள். கண் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனைப் பற்றி நாம் வினவப்படுவோம்.